நாம் போராடி வாங்கிய இனிப்புத் தண்ணீர்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் மூத்த உலைத்தொழிலாளி ஐயா அவர்களே! அழைத்த மாத்திரத்தில் மேடையேறி வந்த ஆலை மருத்துவர் அம்மா அவர்களே! நெருப்பின் முன்னே நின்று நரைத்த பெரியோர்களே! அனலில் வெந்து வருவோருக்கு அன்னம் வைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே! கண்ணாடி ஊதி ஊதிக் கன்னம் பழுத்த என் தோழர்களே! உங்கள் சங்கச் செயலாளரின் தலைதாழ்ந்த வணக்கம்.

கைதட்ட வேண்டாம். இன்று நான் குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இதே திடலில், இதே தொண்டையால் நான் முழங்கியது என்ன? "மேலாளர் குடிக்கும் குளிர்பானம் எங்களுக்கும் வேண்டும்! உலைமுன் உருகும் ஒவ்வொருவனுக்கும் நாளுக்கு நான்கு பாட்டில் வேண்டும்!" பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம். பட்டினி கிடந்தோம், பணியவில்லை. வென்றோம்! என்னைத் தோளில் தூக்கி ஊர்வலம் போனீர்கள். மூன்றாம் வரிசையில் சிரிக்கிறாரே, அவர் தோள்தான் அது. இப்போது தூக்கிவிடாதீர்கள் தோழரே, உங்கள் இடுப்பு போய்விடும்!

வியர்த்தவனுக்குத் தண்ணீர் கேட்டேனா? இல்லை. உப்பு கேட்டேனா? இல்லை. ஓய்வு கேட்டேனா? இல்லையே! சர்க்கரையைக் கேட்டேன். சண்டை போட்டுக் கேட்டேன். கிடைத்ததும் உரிமை என்று அதற்குப் பெயர் வைத்தேன். குடிக்காமல் விட்டால் கம்பெனிக்கு லாபம் என்று, தாகம் இல்லாதவனும் நான்கையும் குடித்தான். மிச்சத்தைப் பிள்ளைகளுக்குப் பையில் கொண்டுபோனான்.

நம் ஆட்களுக்கு இத்தனை நோய் இந்தப் பாட்டிலால்தானா என்று மருத்துவர் அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னார்: "சக்கர நோய்க்குப் பல காரணம் இருக்கு. இது ஒண்ணுதான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பாட்டிலுக்கு எட்டு ஸ்பூன் சக்கர, ஒரு நாளைக்கு நாலு பாட்டில், பன்னிரண்டு வருஷம். உடம்பு என்ன இரும்பா?"

அறுபது பேர் நிற்கும் உலையில் இருபத்திரண்டு பேருக்குச் சர்க்கரை நோய். பதினான்கு பேருக்கு ஈரலில் கொழுப்பு. பால்பல் விழுவதற்கு முன்பே பல் சொத்தையான பிள்ளைகளை நான் எண்ணவில்லை, எண்ண மனம் வரவில்லை.

ஊதுகுழல் என்று நாம் கூப்பிட்ட நம் தம்பியைச் சொல்கிறேன். ஒரே மூச்சில் குடம் ஊதுவான். அவனுக்கு நோய் வந்தது. நோய் வந்தால் தாகம் வரும். தாகம் வந்தால் அவன் என்ன குடிப்பான்? அதையேதான் குடித்தான்! ஒருநாள் சங்க அறைக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அண்ணே, டாக்டரம்மா இனிப்புத் தண்ணிய நிறுத்தச் சொல்றாங்க. நிறுத்திடட்டுமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஐயோ, இந்த வாய்தான் சொன்னது: "இன்னைக்கு நீ வேணாம்னா, நாளைக்கு எல்லாருக்கும் வெட்டிருவான்டா. பேசாம குடி!"

குடித்தான். என் சொல்லைத் தட்டாதவன், குடித்தான்.

ஒரு மாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் காலுறையைக் கழற்றினான். உள்ளே ரத்தம். கட்டைவிரல் நீளக் கண்ணாடிச் சில்லு பாதத்தில் ஏறியிருந்தது. அவன் மனைவி பதறிப்போய், "வலிக்கலையாங்க?" என்றாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "எது வலிக்கணும்?" என்று கேட்டான். ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அவன் கால் நரம்புகளை எப்போதோ கொன்றுவிட்டிருந்தது. சில்லு காலையிலேயே ஏறியிருக்கும் என்றார்கள். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்காலோடு எடுத்தார்கள். நஞ்சு நிற்கவில்லை. நாற்பத்தோரு வயதில், போன மாதம் அவனைப் புதைத்தோம்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அண்ணே, நான் ஒரு பாட்டில்கூட விட்டுக்கொடுக்கலண்ணே" என்றான். பெருமையாகச் சொன்னான், தோழர்களே! பெருமையாக!

யார் அங்கே? உரக்கக் கேளுங்கள். "விட்டுட்டா திரும்ப வருமாண்ணே" என்கிறீர்களா? வராது. வெட்டிய கால் வருமா? அவன் வருவானா?

நாளை நிர்வாகத்திடம் நீட்டப்போகும் தீர்மானம் இது: பாட்டில்களை எடுத்துக்கொள்! குளிர்ந்த குடிநீர் கொடு! உப்புக் கொடு! மணிக்கொரு முறை நிழலில் பத்து நிமிடம் கொடு! மாதம் ஒருமுறை ரத்தமும் பாதமும் பார்க்க ஆள் கொடு! தர மறுத்தால் மறுபடியும் பத்தொன்பது நாள் பட்டினி கிடக்க நான் தயார். இந்த முறை உயிரைக் கேட்டுக் கிடப்போம்.

ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள். நான் கேட்டு முடிக்கும் முன்பே பெண்கள் பக்கத்தில் ஒரு கை எழுந்துவிட்டது. அது யார் கை என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கையைத் தனியாக நிற்க விடாதீர்கள்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.