அஞ்சுக்கு மூணரை

...நாலு மாசம். நாத்தனார் எங்கிட்ட பேசி முழுசா நாலு மாசம். அவ பேசாட்டி போகட்டும், காதுக்கு ஓய்வு. அவ பொண்ணும் பேச மாட்டேங்கறாளே, அதுதான்... உக்காரும்மா, ஏன் நிக்கற. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இங்க வா. உன் விண்ணப்பத்த குடு. திங்கக்கிழமைதான இன்டர்வியூ, இன்னிக்கு சனி, எதுக்கு பறக்கற.

மாடிக்கு குடி வந்து மூணு வாரம் ஆகல, அதுக்குள்ள என் இங்கிலீஷப் பத்தி யாரு சொன்னா? வாட்ச்மேனா? அவனுக்கு ஒரு லீவு லெட்டர் எழுதிக் குடுத்தேன். படிச்சுட்டு, கேட்டதுக்கு மேல ரெண்டு நாள் சேத்துக் குடுத்தாங்களாம். பாட்டி செத்ததா எழுதச் சொன்னான். நான் எழுதினதுல பாட்டிக்கே அழுகை வந்திருக்கும்.

இது என்னம்மா, 'ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கிங் பெர்சன்'? சோம்பேறின்னு யாராவது எழுதுவாளா.

நானும் கான்வென்ட்ல படிச்சவதான். ஆனா அங்க சொல்லிக் குடுத்த இங்கிலீஷ், 'மே ஐ கம் இன்'னு கேட்டுட்டு கதவுக்கு வெளியவே நிக்கும். உள்ள வந்து உக்காந்தது சினிமா விமர்சனத்தாலதான். ஆமா, வெள்ளிக்கிழமை இங்கிலீஷ் பேப்பர்ல வருமே, அதேதான். பதினாறு வருஷமா கத்தரிச்சு ஒட்டறேன். அந்த அலமாரியப் பாரு, எம்பொண்ணு பாதி எழுதி விட்டுட்டுப் போன நோட்டு பூரா அதுதான்.

படமா? படத்த யாரு பாத்தா. இருட்டுல உக்காந்தா எனக்கு தலைய வலிக்கும். அதுலயும் அவங்க என்ன பேசறாங்க? 'ஐ லவ் யூ', 'கெட் இன் தி கார்'. இதக் கேக்கவா போகணும். அதப் பத்தி எழுதறான் பாரு, அவன்தான் இங்கிலீஷ் எழுதுவான். பாதியில எழுந்து வர முடியாத கோவம் அவனுக்கு. கோவத்துலதான் நல்ல நல்ல வார்த்தையா வரும். 'மியாண்டரிங்'னு ஒண்ணு, போற எடம் தெரியாம வளைஞ்சு வளைஞ்சு அலையறது. எங்க வீட்டுக்காரர் சோப்பு வாங்கப் போற மாதிரி. 'லாக்லஸ்டர்', கொஞ்சமும் களையில்லாதது. அதுக்கும் அவரையே வெச்சுக்கிட்டேன். வீட்டு ஆள வெச்சு படிச்சா வார்த்தை மறக்காது.

நாத்தனார் பொண்ணுதான் எனக்கு கூட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேரா இங்கதான் வருவா. கத்தரி அவ கையில, பசை என் கையில. யாரு மொதல்ல அர்த்தம் சொல்றதுன்னு போட்டி. சின்னவளாச்சேன்னு நானும் விட மாட்டேன், பெரியவளாச்சேன்னு அவளும் விட மாட்டா. 'அத்தை, போங்காட்டம் ஆடாதீங்க'ம்பா. இப்ப நாலு மாசமா நானே கத்தரிக்கறேன், நானே ஒட்டறேன். கோணக்கோணையா இருக்கு.

ஒண்ணுமில்லம்மா, ஒரு லெட்டர். நர்சரி ஸ்கூல்ல வேலைக்கு போட்டிருந்தா. நல்லா தெரிஞ்சவங்க ஒருத்தர் அவளப் பத்தி எழுதித் தரணுமாம். நாத்தனாரே வந்து கேட்டா, 'அண்ணி, உங்கள விட்டா யாரு'ன்னு. ரெண்டு பக்கம் எழுதி, ஒட்டி, நானே தபால்ல போட்டேன். வேலை வேற யாருக்கோ போயிடுச்சு. அதுக்கு நான் என்ன பண்றது? உள்ளத எழுதறது தப்பா?

இந்தா, இதப் படி. மன்னிப்புக் கடிதம். ஏழாவது தடவையா எழுதறேன். ஏன் அனுப்ப மனசு வரலன்னு எனக்கே தெரியல. நீ படிச்சிட்டே இரு, பேனா கூட மேஜை மேலதான் இருக்கு, எங்கயாவது தப்பிருந்தா சொல்லு. இருக்காது. நான் டீ போட்டுட்டு வந்துடறேன்.

...கேக்குதா? இங்க இருந்தே சொல்றேன். அந்த ஸ்கூல் லெட்டர்ல மொதல் பக்கம் பூரா புகழ்ந்துதான் எழுதினேன். சிரிச்சா அவ மொகம் 'லூமினஸ்'னு போட்டேன், உள்ள வெளக்கு எரியற மாதிரி. ரெண்டாவது பக்கம் வந்ததும் கை தானா 'ஹவ்எவர்'னு, அதான் 'இருந்தாலும்'னு, எழுதிடுச்சு. எல்லா விமர்சனத்துலயும் அந்த எடத்துல அதுதான வரும்? பதினாறு வருஷப் பழக்கம். காலைல எழுந்திரிக்க மாட்டா, கொழந்தை அழுதா கூட சேந்து இவளும் அழுவா, சொல்ல வந்தத சொல்லாம மியாண்டரிங்... சர்க்கரை ஒரு ஸ்பூனா, ரெண்டா? சரி, ஒண்ணு போடறேன். கடைசியில... சொன்னா சிரிக்காத... கடைசியில நட்சத்திரம் போட்டுட்டேன். அஞ்சுக்கு மூணரை.

மூணரை என்ன கொறச்சலாம்மா? நான் யாருக்கும் நாலு போட்டதே இல்ல. என் கல்யாணத்துக்கே மூணுதான்.

ஸ்கூல்ல அந்த லெட்டர அவ கையிலயே குடுத்து, எதிர்லயே படிக்க வெச்சிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி போன்ல ஒரே ஒரு செய்தி. 'அத்தை, முதல் பக்கம் லூமினஸ். ஹவ்எவர், ரெண்டாம் பக்கம் எதுக்குன்னு தெரியல. அஞ்சுக்கு ஒண்ணு.' அதோட சரி. ஒரு நிமிஷம் எனக்கு சந்தோஷமா கூட இருந்துது, ஹவ்எவர எவ்ளோ சரியான எடத்துல போட்டிருக்கான்னு. அப்புறம்தான்... அப்புறம் அடுப்பு மேல பால் பொங்கறதக் கூட பாக்காம நின்னேன்.

இந்தா டீ... எங்க? ஏம்மா? செருப்பையும் காணோம். விண்ணப்பத்த மறக்காம எடுத்துட்டுப் போயிருக்கா. கெட்டிக்காரிதான்.

என் மன்னிப்புக் கடிதத்த இங்கயே... இது என்ன கோடு? இதுலயும் நான் போட்ட ஹவ்எவர்ல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் அடிச்சிருக்கா. ஒண்ணரை பக்கத்தையும். என்ன துணிச்சல், மூணு வாரம் முன்னாடி குடி வந்தவ... மிச்சம் ரெண்டே வரி. 'தப்பு என்னோடது. வெள்ளிக்கிழமை வா, கத்தரி உன் கைக்குத்தான் சரி.'

ம்.

ஏங்க, ஏங்க, இங்க வாங்க. மாடி வீட்டுப் பொண்ணுக்கு நாலு போடலாம். நாலரை கூட. டீயக் குடிக்காம போனதுக்கு அரை கொறைச்சிருக்கேன். இத அப்படியே கவர்ல போட்டு இப்பவே தபால்ல சேத்துட்டு வாங்க. நேரா போங்க, சோப்பு ஒண்ணும் வேண்டாம். அதுக்கு முன்னாடி இந்தப் பேனாவ எங்கிட்ட இருந்து வாங்குங்க, சீக்கிரம்.