மேல்மண்

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்திருப்பேன். அரிசியைக் கழுவி குக்கரில் வைப்பேன். கழுவிய தண்ணீரைத் தனியாக எடுத்துக்கொண்டு பால்கனிக் கதவைத் திறப்பேன். பதினொரு தொட்டிகள். ஒவ்வொன்றிலும் விரலை இரண்டாவது கணு வரை நுழைத்துப் பார்ப்பேன். ஈரம் இருந்தால் விட்டுவிடுவேன், காய்ந்திருந்தால் ஊற்றுவேன். சனிக்கிழமையும் இப்படித்தான் ஆரம்பித்தது.

செடிகள் என் மனைவி ஷிஹோவுடையவை. கனாசவா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பூக்கடையில் வேலை பார்த்தாள். நான் மண்ணியல் படித்தவன். வயல் மண்ணைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை. கல்யாணமாகி நான்கு வருடத்தில் எங்களுக்குள் வந்த ஒரே வாக்குவாதம் தொட்டி மாற்றுவது பற்றித்தான். செடி சோர்ந்தால் அவள் அதை வேரோடு பிடுங்கிப் பெரிய தொட்டிக்கு மாற்றுவாள். அது தேவையில்லை என்பது என் கருத்து.

செடியை அசைக்காமலே மண்ணைப் புதுப்பிக்கலாம். சாப்பிடும் குச்சி ஒன்று போதும். மேலே மூன்று விரற்கடை மண்ணை மெதுவாகக் கிளறி எடுக்க வேண்டும். பெரிய வேரைத் தொடக் கூடாது. எடுத்த அளவுக்கே புது மண் போட வேண்டும். அவசரப்படாமல் செய்தால் எதை இழந்தோம் என்று செடிக்குத் தெரியாது.

ஷிஹோவுக்கும் அப்படித்தான் செய்தேன். முதலில் அவளுடைய பள்ளித் தோழி. அவள் அனுப்பிய செய்திகளுக்கு ஷிஹோவின் போனிலிருந்து நானே பதில் போட்டேன், உடம்பு சரியில்லை என்று. எட்டு மாதத்தில் அவள் அனுப்புவதை நிறுத்திவிட்டாள். பிறகு வியாழக்கிழமை நீச்சல். பிறகு பூக்கடை. அவளுக்கு மனப்பதற்றம் இருப்பதாக முதலாளியம்மாவிடம் சொல்லி வேலை நாட்களைக் குறைக்க வைத்தேன். எடுத்த ஒவ்வொரு இடத்திலும் என்னைப் போட்டேன். வியாழக்கிழமைகளில் சீக்கிரம் வீடு திரும்பி அவளுக்குப் பிடித்த மீன் கறி சமைத்தேன்.

மே மாதம் செண்டாயில் ஒரு நாற்றுப் பண்ணையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் அக்கா நகிசா அங்கே இருக்கிறாள். ஷிஹோ என்னையும் கூப்பிட்டாள்.

"மண்ணு எல்லா ஊர்லயும்தான் இருக்கு. நீயும் வாயேன்."

நான் மறுத்தேன். ஒரு வாரம் கழித்து, அப்படியானால் தான் மட்டும் போவதாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தொட்டிகளைப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள்.

ஜூன் பத்தொன்பது, மழை. எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது, வெளிப்புறம் இரும்புப் படிக்கட்டு. தொட்டிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவள் எனக்கு முன்னால் இறங்கினாள். என் வலது கையை அவள் முதுகில், தோள்களுக்கு நடுவே வைத்துத் தள்ளினேன். பதினான்கு படிகள். இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே ஒடிந்தன. இடது காலில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், லேசான இளஞ்சிவப்பு. ஆம்புலன்ஸ்காரர்களிடம் வழுக்கிவிட்டது என்றேன். மழை பெய்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

மருத்துவமனைக்குத் தொட்டிச் செடி எதற்குக் கொண்டுபோனேன் என்று விசாரணையில் கேட்டீர்கள். வேர் பிடிப்பதற்கும் படுத்த படுக்கையாவதற்கும் நம் ஜப்பானிய மொழியில் ஒரே மாதிரிதான் சொல்கிறோம், நெத்சுகு என்று. அதனால் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வெட்டிய பூதான் வாங்கிப் போவார்கள். தொட்டியோடு கொண்டுபோனால், நீ எழுந்திருக்கவே வேண்டாம் என்று சொல்வதாக அர்த்தம். குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். நான் மணிபிளாண்ட் தொட்டி ஒன்றை அவள் தலைமாட்டில் வைத்தேன்.

வயதான நர்ஸ் ஒருத்தி பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"என்னப்பா இது, வேரோட கொண்டாந்திருக்க? உங்க வீட்ல யாரும் சொல்லித் தரலயா? குடு, வெளிய மேசைல வெச்சிடறேன்."

"இருக்கட்டும்மா," என்றாள் ஷிஹோ. "அவருக்குத் தெரியும். நான் பூக்கடைக்காரி."

அப்புறம் என் வலது கையைப் பார்த்தாள். அதுவரை அந்தக் கை பட்டதா, தானே தடுமாறினோமா என்று அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். நான் செய்த தவறு அந்தச் செடியைக் கொண்டுபோனது ஒன்றுதான். அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஜூலையில் வீட்டுக்கு அழைத்து வந்தேன். இரண்டு காலிலும் மாவுக்கட்டு. தலைக்குக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், மலச்சட்டி எடுத்தேன். அவள் போனை என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அவளும் இருந்தாள் என்று முதலில் உங்களிடம் சொல்லியிருந்தேன். அதை அடித்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை நகிசா அழைத்தாள். ஆஸ்பத்திரியிலேயே நர்ஸின் போனை வாங்கி ஷிஹோ எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறாள். பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொல்வதற்காகக் காத்திருந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து தங்கையைக் கூட்டிப்போவதாகச் சொன்னாள்.

"செடிய வேணா நீயே வெச்சுக்கோ தம்பி. அதுதான் உன்ன எதுவும் கேக்காது."

சனிக்கிழமை காலை அந்த மணிபிளாண்டை அவள் படுக்கைக்கு அருகில் கொண்டுவந்தேன். செய்தித்தாள் விரித்து, குச்சியால் மேல்மண்ணை எடுத்தேன்.

"இன்னும் மேல்மண்ணுதானா?" என்றாள். "தூக்கிப் பாரு, அடியில ஓட்டை வழியா வேர் வெளிய வந்துடுச்சு. உங்க காலேஜ்ல அடில பாக்கச் சொல்லித் தரலயா?"

தூக்கிப் பார்த்தேன். வந்திருந்தது. அவள் சிரித்தாள். அக்காவிடம் பேச வேண்டும், போனைக் கொடு என்றாள்.

பழைய மண்ணை நகராட்சி குப்பையில் எடுப்பதில்லை. அதனால் மூன்று வருட மண் மூட்டை மூட்டையாக அலமாரிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தது. ஒரு மூட்டை பதினொரு கிலோ. ஒன்றை எடுத்து அவள் முகத்தின் மேல் வைத்தேன். அதன் மேல் என் நெஞ்சை வைத்துப் படுத்தேன். அவள் என் காதைப் பிடித்து இழுத்தாள். காது மடல் கிழிந்தது, இந்தத் தையல் அதற்குத்தான். அவள் மாவுக்கட்டுக் கால்களால் சுவரை உதைத்தாள். ஒரு கட்டு உடைந்து, மூடியிருந்த காயம் திறந்து, விரிப்பு நனைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டினார். தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று சத்தமாகச் சொன்னேன். அவர் தட்டுவதை நிறுத்தினார்.

திங்கட்கிழமை வாக்குமூலத்தில், வலி தாங்காமல் அவளே கேட்டாள் என்று எழுதிக் கொடுத்தேன். கடைசியாக 'இனிப் போதும்' என்றாள் என்றும், அதனால் விடுவித்தேன் என்றும். அதில் கையெழுத்துப் போடும்போது அதை நம்பினேன். போக விடக் கூடாது என்பதற்காகத்தான் செய்தேன் என்று நேற்று மாற்றிச் சொன்னேன். அதையும் நம்பினேன்.

நடந்தது இது. மூட்டை ஒரு பக்கமாகச் சரிந்தது. நேராக்குவதற்காகத் தூக்கினேன். மூட்டையின் தையல் விட்டு அவள் வாயில் மண் போயிருந்தது. அதைத் துப்பினாள். மூச்சு இழுத்தாள். என் பெயரைச் சொல்லி ஒரு வாக்கியம் பேசினாள். தெளிவாகக் கேட்டது. கேட்டபிறகுதான் மூட்டையை நேராக வைத்து மறுபடியும் படுத்தேன். அவள் சொன்னது:

"ஹயாதோ, நான் போகல. இங்கயே இருக்கேன்."