சிப்பி பஸ் ஏறி வரவில்லை

அவையோரே! இந்த மேடையில் எதையும் கூட்டாமல், எதையும் குறைக்காமல், நடந்ததை நடந்தபடியே பதிவு செய்யப் போகிறேன்.

அறிவியல் கண்காட்சிக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நடுவர் ஐயா அவர்களே, வேலைக்கு விடுப்புச் சொல்லி வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சுக் கண்மணிகளே, அனைவருக்கும் வணக்கம்!

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘நகரும் நிலம், மாறும் பாறை’. கொடுத்த நேரம் ஐந்து நிமிடம். நான் கொண்டுவந்திருப்பதோ கோபம்!

என் தோழியை நாங்கள் ‘சில்லு’ என்போம். சட்டைப்பையில் எப்போதும் கல் சில்லு வைத்திருப்பாள். அவள் அம்மா மலையடிவாரக் குவாரியில் கல் உடைக்கிறார். அங்கே கிடைத்த, சிப்பி பதிந்த கல்லைத்தான் சில்லு கண்காட்சியில் வைத்தாள். மூன்று நாளைக்கு முன் நடுவர் ஐயா வந்தார். கல்லைப் பார்த்தார். சிரித்தார்.

“யாரும்மா ஒட்டிக் குடுத்தது? கோந்து நல்லாக் காஞ்சிருக்கே!”

“ஒட்டலை சார். உள்ளேயே இருந்துச்சு.”

“கடல் எங்கே, மலை எங்கே? சிப்பி என்ன, பஸ் ஏறி வந்துச்சா?”

கேட்டதோடு விட்டாரா? சாவி முனையால் அந்தச் சிப்பியைச் சுரண்டிப் பெயர்த்தார்! ‘போலி’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டினார்! அன்று போன சில்லு பள்ளிக்கு வரவேயில்லை. இன்றுகூட அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்துவந்ததால்தான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஐயா, சிப்பி பஸ் ஏறவில்லை. கடலடியே ஏறி வந்தது! நாம் நிற்கும் நிலம் நிற்கிறதா? இல்லை! புவித்தட்டுகள் நகம் வளரும் வேகத்தில் நகர்கின்றன. தட்டோடு தட்டு மோதினால், கடலடியில் கிடந்தது மடிந்து மலையாய் எழும். நெருப்புக் குழம்பு ஆறினால் தீப்பாறை. அது தேய்ந்து, மண்ணாகி, நீரடியில் படிந்து இறுகினால் படிவுப் பாறை. அதுவே ஆழத்தில் அழுந்தி வெந்தால் உருமாறிய பாறை. உருகினாலோ, மறுபடியும் குழம்பு! ஒரு கல்லுக்கே இத்தனை முறை வாய்ப்புக் கொடுக்கிறது பூமி. ஒரு மாணவி பதில் சொல்ல ஒரு நிமிடம் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லையா?

மணி அடிக்கிறீர்களா? அடியுங்கள்! மலை எழக் கோடி ஆண்டு காத்திருந்த பூமி, இன்னும் இரண்டு நிமிடம் காத்திருக்கும்.

இதோ, மேசைமேல் அதே குவாரியிலிருந்து வந்த பிளக்காத கல் ஒன்று. தலைமையாசிரியை அம்மா, திருப்பிப் பாருங்கள். விரிசல் உண்டா? இல்லை என்கிறார், எல்லோரும் கேட்டீர்கள்! சில்லுவின் அம்மா கட்டடத்துக்கு ஆகாத கல்லைத் தட்டிப் பார்த்தே ஒதுக்குவார். நல்ல கல் ‘கணீர்’ என்னும். சிப்பிக் கல் ‘மொத்’ என்னும். அத்தை, சுத்தியலோடு மேடைக்கு வாருங்கள்!

“உள்ளே இருக்குன்னு சத்தியம் பண்ண மாட்டேன் கண்ணு. சத்தம் மொத்துனு இருக்கு, அவ்வளவுதான். எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க, எனக்குச் சத்தம் கேக்கணும்.”

முதல் அடி. பிளக்கவில்லை. யார் அங்கே சிரிப்பது? இரண்டாம் அடி. அத்தை காதைச் சாய்க்கிறார், கல்லைத் திருப்புகிறார். மூன்றாம் அடி...

பிளந்தது! பாருங்கள் அவையோரே! ஒரு பாதியில் சிப்பி, மறு பாதியில் அதன் அச்சு! நடுவர் ஐயா, பிளக்காத கல்லுக்குள் கோந்தை ஊற்றியது யார்? சாவி இருக்கிறதா? வாருங்கள், சுரண்டுங்கள்! ஏன் எழுந்திருக்கவில்லை?

“சில்லு, மேலே வாடி!” என்று கடைசி பெஞ்சு கத்துகிறது. வருகிறாள். அழவில்லை. அவளுடைய முதல் கல்லில் ஒட்டிய சிவப்புச் சீட்டைத் தலைமையாசிரியை அம்மா தம் கையால் உரித்தெடுக்கிறார். இதையும் பதிவு செய்கிறேன்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் மணி அடித்தவருக்கும் நன்றி, வணக்கம். நேரம் கடந்துவிட்டதாம், விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.