ரெண்டு டேப்பு, ரெண்டு பூப்பலகை

ஹலோ... ஆமா, தோகார்தான் பேசுறேன். சொல்லுங்க ரோஸ்மாய்தா அக்கா, கல்யாண வீடு, சாவு வீடுன்னு வாசல்ல நிக்க வைக்க வாழ்த்தும் அனுதாபமும் எழுதித் தர்ற உங்க பூப்பலகைக் கடைக்கு நான் செஞ்சு குடுத்த ஆப் எப்படி ஓடுது?... ஏன், என்னாச்சு?... சரி சரி, கத்தாம சொல்லுங்க.

...ம்... ம்... கல்யாண மண்டபத்து வாசல்ல "ஆழ்ந்த அனுதாபங்கள்"னு நிக்குதா? ஐயையோ! அப்போ சாவு வீட்டுல?... "புது வாழ்க்கைக்கு இனிய வாழ்த்துகள்"...

இல்லக்கா, சிரிக்கல. இருமல்.

ஆமா, ஆமா, நான்தான் செஞ்சேன். அதுக்காக பிரவுசரைத் திட்டாதீங்க. எதையும் தனியா ஏத்த வேணாம், எந்த ஓட்டை போன்லயும் தொறக்கும்னு சொன்னேன். தொறக்குதா இல்லையா?... விலைய மாத்தச் சொன்னீங்க, இங்க தட்டினேன், மேடான் டவுன் பூரா இருக்குற உங்க கிளைக் கடையில எல்லாம் அந்த நிமிஷமே மாறுச்சு. அப்போ "நீ மந்திரவாதிடா"ன்னீங்க!

ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. ரெண்டு ஆர்டரையும் ரெண்டு டேப்ல தொறந்து வச்சீங்களா?... பக்கத்துப் பக்கத்துலயா! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அக்கா! பாக்கத்தான் ரெண்டு ஜன்னல், உள்ள ஒரே வீடு. இங்க வச்சத அங்க எடுத்துக் குடுத்துடும்... ஆமா... ஆமா, அதை நான்தான் தடுத்திருக்கணும். ஒத்துக்கிறேன்.

இருங்க, இப்பவே சரி பண்றேன்... ஆச்சு! ரிஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க.

...தெரியுதுக்கா. வாசல்ல நிக்கிற பலகை ரிஃப்ரெஷ் ஆகாதுதான். குத்தி வச்ச தெர்மாக்கோல் எழுத்துதான்.

சாவு வீட்டுல சண்டைக்கு வந்தாங்களா?... இறந்துபோன சாபாம் ஐயா சம்சாரமா? பலகைய எடுக்கவே வேணாம்னாங்களா?... "அவரு புது வாழ்க்கைக்குத்தானே போயிருக்காரு"ன்னா! பாருங்க, பாதிப் பிரச்சினை தானாவே தீந்துபோச்சு.

சரி, கல்யாணம் யாரு வீட்டுது? சனிக்கிழமைன்னா ஊர்ல எத்தனையோ...

பொண்ணு பேரு தியுரா? எந்தத் தியுர்?

...அக்கா, அந்தப் பலகையில கீழ, அனுப்புனவர்னு யாரு பேரு இருக்கு?

என் பேரேதானா! அடப்பாவி பிரவுசரே! இதை முதல்லயே சொல்லக்கூடாதா! நான் அவ பின்னாடி சுத்துனது ஊருக்கே தெரியும். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. சரி, கடைசியிலயாவது பெருந்தன்மையா ஒரு வாழ்த்து அனுப்புவோம்னு மனசக் கல்லாக்கிட்டு அனுப்புனேன். இப்போ மாப்பிள்ளைக்கு நான் துக்கம் விசாரிச்ச மாதிரி இல்ல இருக்கு!... பிரவுசர் பண்ணுச்சுன்னு சொன்னா யாருக்கா நம்புவா? இந்த ஊருக்கு நான்தான் பிரவுசர்!

நீங்க எங்க இருக்கீங்க?... மண்டபத்துலயேவா? அப்போ அத முதல்ல உள்ள தூக்கிட்டுப் போங்க, அவ பாக்குறதுக்குள்ள...

பாத்துட்டாளா.

...என்ன சொன்னா?... இல்ல, அவ சொன்னத அப்படியே சொல்லுங்க...

"இப்பவாவது மனசுல உள்ளதச் சொன்னானே"ன்னாளா?

அக்கா... சிரிச்சுக்கிட்டே சொன்னாளா, இல்ல... ஹலோ? ரோஸ்மாய்தா அக்கா, லைன்ல இருக்கீங்களா? சிரிச்சாளா, இல்லையா?... ஹலோ?... ஹலோ?