அக்காவைவிட உயர்ந்த தம்பி

தேன் பணியாரம் நான் நன்றாகச் செய்வேன், ஐயா. மெலாந்தாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆளுநர் உங்களை அனுப்பியது வேறு விசாரணைக்கு என்று தெரியும். சொல்கிறேன். நான் ஹெர்மிப்பஸ், இந்த ஊர் நாணயச் சாலைக்கு அதிகாரி. வளைகுடாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கெரிஸாவுக்கும் எங்களுக்கும் பாட்டன் காலத்துப் பகை. எது முதல் ஊர் என்பதுதான் வழக்கு. சமாதானமாகப் போங்கள் என்றார் ஆளுநர். சரியென்று ஒற்றுமை நாணயம் அடித்தோம். வெண்கலக் காசு. ஒரு பக்கம் பேரரசர். அவரை எங்களில் யார் பார்த்தது? மீன்காரர் ஃபிலோனின் சாயலில் இருந்தார். யாரும் குறை சொல்லவில்லை. மறுபக்கம் எங்கள் ஊர்த் தேவி ஆர்தெமிஸும், அவளோடு இரட்டையாகப் பிறந்த தம்பி, அவர்கள் ஊர்த் தெய்வம் அப்போலோவும் கைகோத்து நின்றார்கள்.

அதில் அப்போலோ அவளைவிட ஒரு தலை உயரம். இரட்டையரில் முதலில் பிறந்தவள் எங்கள் தேவி என்பது உலகமறிந்த சங்கதி.

ஒற்றுமை விருந்துக்குக் கெரிஸாவிலிருந்து தூதர்கள் படகில் வந்தார்கள். அவர்கள் தலைவர் தெரோன் காசைச் சுண்டிப் பிடித்துச் சிரித்தார்.

"என்னய்யா ஹெர்மிப்பஸ், தம்பி வளந்துட்டான் பாத்தியா? இனிமே அக்கா அண்ணாந்து பாத்துத்தான் பேசணும்."

"அக்கா எப்பவும் அக்காதான், தெரோன்."

"அதெல்லாம் வீட்டுக்குள்ள. சந்தையில உயரந்தான்யா பேசும்."

எனக்குக் கோபம் வரவில்லை. வயிறு மட்டும் எரிந்தது. எங்கள் மலையில் வசந்தத்தில் பூக்கும் ஒரு பூவின் தேன், தின்றவரைத் தலைசுற்றிக் கிடத்திவிடும். அதைப் பணியாரத்தில் ஊற்றி, கசப்பு தெரியாமலிருக்க எள் சேர்த்தேன். தெரோன் இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கினார். அப்படிக் கேட்டால் சமைத்தவனுக்கு மனம் குளிராதா?

படகோட்டிகளுக்கும் வஞ்சனையில்லாமல் பரிமாறியிருந்தேன். மதியம் காற்று ஏறியது. நிற்கமுடியாதவர்களுக்குத் தோள் கொடுத்துப் படகில் ஏற்றி, கயிற்றை நானே அவிழ்த்துவிட்டேன். ஒருவரும் அக்கரை சேரவில்லை.

அந்தக் காசின் அச்சைச் செதுக்கியது யாரென்று கேட்கிறீர்கள். எங்கள் பட்டறைதான். சரிபார்த்து அனுப்பியவன் நான். அன்று விளிம்பில் என் பெயர் முழுதாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன். அழகாக விழுந்திருந்தது.

பொறாமையால் செய்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தக் குணமே எனக்குக் கிடையாது. எனக்கு மரண தண்டனை என்று இரண்டு ஊர்ச் சந்தையிலும் படிப்பார்கள் அல்லவா? முதலில் இங்கே படிக்கச் சொல்லுங்கள், ஐயா.