கால் எட்டும் டிராக்டர்

பழைய டிராக்டர் வாங்கும்போது எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரை நம்பக் கூடாது அத்தை. பெடல் ரப்பரைப் பார்க்க வேண்டும். மீட்டரைப் பொய் சொல்ல வைக்கலாம். பூட்ஸ் காலால் வருடக்கணக்கில் மிதிபட்ட ரப்பர் வழவழவென்று தேய்ந்துதான் இருக்கும், அதை மாற்றி வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. போன ஏப்ரலில் நாங்கள் இரண்டு பேரும் டிராக்டர் தேடி அலைந்தபோது அப்பா சொல்லிக் கொடுத்தது இது.

மெதுவாகத்தான் பேசுகிறேன். அப்பா கீழே சோபாவில் தூங்குகிறார், மாத்திரை போட்டிருக்கிறார். நாளைக்குக் காலையில், இந்த டிராக்டரை எங்களுக்கு விற்ற வைனோ தாத்தாவை ஷெரிஃப் ஆபீசுக்கு நீங்கள்தான் காரில் கூட்டிப் போகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அவரால் இப்போது ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லையாம். அதற்குள் இந்த டிராக்டரை நாங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் வீடு டுலூத்தில் ஊருக்குள் இருக்கிறது. எங்களுக்குச் சாலையிலிருந்து வாசல்வரை நீளமான பாதை. கோடையில் இரண்டு ஏக்கர் புல், அப்புறம் ஆறு மாதம் ஏரி கொண்டுவந்து கொட்டும் பனி. இத்தனை வருடமும் கையால் தள்ளுகிற இயந்திரத்தை வைத்துக்கொண்டே உங்கள் தம்பி சமாளித்துவிட்டார். போன வசந்தத்தில் திடீரென்று ஒரு சின்ன டிராக்டர் வேண்டும் என்றார். அடியில் புல் வெட்டும் தட்டு, முன்னால் பனியை அள்ளிக் குழாய் வழியாக வீசும் பனி வாரி, இரண்டும் மாட்டுகிற மாதிரி. பழசாக இருந்தால் போதும்.

முதலில் பார்த்தது ஆரஞ்சு நிறம், கண்ணாடிக் கூண்டு வைத்தது. என்னை ஏறி உட்காரச் சொன்னார். இருக்கையை எவ்வளவு முன்னால் தள்ளியும் பிரேக்குக்கு என் கால் நுனிதான் எட்டியது. வேண்டாம் என்றார்.

இரண்டாவதை ஒரு ஆள் மாட்டுக் கொட்டகைக்குள் வைத்திருந்தான். மீட்டரில் குறைச்சலான மணிதான் காட்டியது. பெடல் ரப்பர் கூழாங்கல் மாதிரி இருந்தது.

"எம் பொண்டாட்டி மட்டுந்தாங்க ஓட்டுவா. அதுவும் ஞாயித்துக்கெழம மட்டும்" என்றான் அந்த ஆள்.

"உங்க வீட்டம்மா நல்லா மிதிப்பாங்க போலயே" என்றார் அப்பா. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பா எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதிலும் என்னைத்தான் உட்கார வைத்துப் பார்த்தார். கால் எட்டியது, ஆனாலும் வேண்டாம் என்று கிளம்பிவிட்டோம்.

திரும்பி வரும் வழியில் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து கறியும் கிழங்கும் அடைத்த பேஸ்டி சாப்பிட்டோம். அப்போதுதான் கேட்டேன்.

"நீங்க ஏம்ப்பா எதுலயும் ஏறி உக்காரல?"

"நீதானே குட்டி ஓட்டப் போற."

"அப்ப நீங்க?"

பாதி பேஸ்டியைக் காகிதத்திலேயே சுருட்டி வைத்தார். "விஸ்கான்சின்ல கப்பல் கட்டுற எடத்துல வெல்டர் வேல கெடச்சிருக்கு. ஜனவரில சேரணும்."

"எப்பத் திரும்பி வருவீங்க?"

"உங்கம்மாவும் நானும் பிரிஞ்சிடறதுன்னு பேசி முடிச்சிட்டோம்டா."

டிராக்டர் எதற்கு என்று புரிந்துவிட்டது. அப்பா செய்துகொண்டிருந்த வேலைகளைச் செய்ய ஒன்றை வாங்கி வைத்துவிட்டு அப்பா போகப் போகிறார். அது எனக்கு அளவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்த வீட்டில் அவர் போக வேண்டாம் என்று நினைத்தது நான் ஒருத்திதான்.

மூன்றாவதுதான் வைனோவுடையது. கொட்டகைக்குள் போர்வை போர்த்தி வைத்திருந்தார். பெடல் ரப்பரில் கோடுகள் அப்படியே இருந்தன. அவருடைய மனைவி லெம்பி ஓட்டிய வண்டி, மனைவி இறந்து ஒரு வருடமாகச் சும்மா நின்றது. அப்பா டிரெய்லரைப் பின்னால் எடுக்கப் போனபோது வைனோ என்னைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார்.

இந்த வண்டியில் இருக்கையின் அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டுகிறவர் எழுந்தால் புல் வெட்டும் கத்தியோ பனி வாரியோ, எது ஓடுகிறதோ அது நின்றுவிடும். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். லெம்பி எடை குறைவு. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஒரு குலுக்கு குலுக்கினால் அவர் எழுந்துவிட்டார் என்று நினைத்து வண்டி கத்தியை நிறுத்திவிடும். அதனால் வைனோ ஒரு சின்ன ஒயரைப் போட்டு அந்தச் சுவிட்சை ஊமையாக்கி வைத்திருந்தார். இங்கே பாதிப் பேர் வண்டியில் அப்படித்தான் இருக்கும்.

"உங்களுக்குக் குடுக்கறதுக்காக எடுத்துட்டேன்" என்று அந்த ஒயரை என் கையில் வைத்தார். "லெம்பி ஒரு கொசு. நீயும் கொசுதான். நின்னு நின்னு போவும், எரிச்சலா வரும். ஆனாலும் மாட்டிராத. என்ன? ஒங்கப்பாகிட்டயும் சொல்லிரு. இத எங்கயாச்சும் தூக்கிக் கடாசு."

"சரி தாத்தா" என்றேன். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்பா வந்து, "நீ சொல்லு குட்டி. ஒனக்குப் புடிச்சாத்தான் எடுப்போம்" என்றார். நான் எடுப்போம் என்றேன். ஒயருக்காக இல்லை அத்தை. ஏப்ரலில் என் மனதில் எதுவும் இல்லை. கால் எட்டியது, அதனால் சொன்னேன்.

கோடையில் எனக்கு ஓட்ட வரவில்லை என்று காட்டிப் பார்த்தேன். ஆப்பிள் மரத்தில் கொண்டுபோய் இடித்தேன். வேலிக் கம்பத்தைச் சாய்த்தேன். நான் ஓட்டத் தெரியாதவளாக இருந்தால் அவர் எப்படிப் போவார்? அப்பா ஒருநாளும் திட்டவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் எனக்கு நன்றாகவே வந்துவிட்டது. அப்பா போய் அம்மாவிடம், "இனிமே கவல இல்ல, நம்மள விட நல்லா ஓட்டறா" என்றார். அம்மா தலையாட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து நின்று என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்த வருடத்திலேயே அன்றைக்கு ஒருநாள்தான்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வழியில் ஒரு கிளையோ கல்லோ கிடந்தால் எதையும் அணைக்க மாட்டார். பிரேக்கைப் போட்டுவிட்டுச் சும்மா எழுந்துவிடுவார். சுவிட்ச் கத்தியை நிறுத்தும், இறங்கி எடுத்துப் போடுவார், திரும்ப உட்காருவார்.

"நீ மட்டும் சாவியத் திருப்பிட்டுத்தான் எறங்கணும், தெரியுதா?" என்பார்.

"நீங்க மட்டும்?"

"நான் கெழவன். சோம்பேறியா இருக்க எனக்கு லைசன்ஸ் இருக்கு."

பனி விழுந்த பிறகும் அதேதான். சாலையைச் சுத்தம் செய்யும் கவுன்டி வண்டி எங்கள் பாதையின் வாயில் பனியை ஒரு சுவராகத் தள்ளிவிட்டுப் போகும், உங்களுக்குத் தெரியுமே. உப்பும் ஈரமுமாகச் சிமென்ட் மாதிரி இருக்கும். அதை வாரினால் பனி வீசும் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைப்பைக் குத்திவிட ஒரு குச்சி இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. அப்பா எழுந்து, இறங்கி, கையைத்தான் விடுவார்.

அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு விரல். விரலில் கட்டுப் போட்ட வெல்டரை யாரும் ஜனவரியில் வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள். வசந்தம் வரட்டும் என்பார்கள். வசந்தத்துக்குள் என்ன வேண்டுமானாலும் மாறலாம். அம்மா சூப் வைத்துக் கொடுப்பாள், அவர் நன்றி என்பார், இப்படி ஏதாவது ஆரம்பிக்கலாம். ஒரு விரலுக்கு இது அதிக விலை இல்லை என்று எனக்குப் பட்டது. கேட்டிருந்தால் அப்பாவே கொடுத்திருப்பார் என்றுகூட நினைத்தேன்.

அவர் கிளம்ப வேண்டிய அன்றைக்கு முந்தின இரண்டு நாளும் புயல். பிக்கப்பில் பெட்டிகளை ஏற்றி வைத்திருந்தார். பாதையைத் திறந்தால்தான் வண்டி வெளியே போகும். விடிந்ததும் அவருக்கு முன்னால் நான் எழுந்து போய் எஞ்சினுக்குச் சூடேற்றும் பிளக்கை மாட்டினேன். அப்போதே ஒயரையும் போட்டேன்.

ஷெரிஃப் ஆபீசிலிருந்து வந்த அதிகாரியிடம், கடைசித் தடவையாகத் தானே ஓட்ட வேண்டும் என்று அப்பா அடம் பிடித்தார் என்று சொன்னேன். அது உண்மை இல்லை. அப்பா காப்பிக் கோப்பையோடு ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீ ஓட்டு. நான் இங்கேர்ந்து வேடிக்க பாக்கறேன். கண்ணு நெறைய பாத்துட்டுப் போறேன்" என்றுதான் சொன்னார். நான்தான் வயிறு வலிக்கிறது என்றேன்.

"சரி, நீ படு. பயலுக்கு நானே டாட்டா சொல்லிட்டு வரேன்" என்றார். டிராக்டரைப் பயல் என்றுதான் சொல்வார். காதடைப்பானை மாட்டிக்கொண்டு போனார். அதில் ரேடியோ பாடும்.

நான் படுக்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய காப்பியைக் குடித்தேன். பாதை முழுக்க நன்றாக வாரிக்கொண்டே போனார். சாலையோரச் சுவருக்குப் போனதும் குழாய் அடைத்துக்கொண்டது. பனி வெளியே வருவது நின்றது. உள்ளே பனியை வாரும் பற்கள் சிக்கி அசையாமல் நின்றிருக்கும், பார்க்கிறவருக்கு எல்லாம் நின்றுவிட்ட மாதிரிதான் தெரியும், அடைப்பு விட்டதும் திரும்பச் சுழலும். அவர் எழுந்தார், எப்போதும் போல. ஜன்னலைத் தட்டியிருக்கலாம். தட்டினாலும் அவருக்குக் கேட்டிருக்காது. தட்டிப் பார்க்காததால் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். ஸ்கார்ஃபை முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். ஆம்புலன்ஸில் வந்த அக்கா, "நீ மட்டும் இல்லன்னா உங்கப்பா போயிருப்பாரும்மா" என்று என் முதுகைத் தட்டினாள். அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். மணிக்கட்டுவரை எடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு விரல் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் எப்போதும் முழுக் கையையும்தான் உள்ளே விடுவார், அதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒயரைக் கழற்ற நேரமில்லை. அதிகாரி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, வாங்கும்போதே வைனோ முழுசாகக் கழற்றாமல் விட்டது, ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தது, குலுங்கித் தானாக ஒட்டியிருக்கும் என்றேன். நான் எடை குறைவு, நின்று நின்று போனது, அதனால் நான் மாட்டினேன் என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார்கள். யாரும் என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். அதைத்தான் சொல்வதாக இருந்தேன். வாய் திறந்தபோது வைனோ பெயர் வந்துவிட்டது.

நீங்கள் வந்த அன்றைக்கு வைனோ ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாரே. கதவுக்கு உள்ளே வரவில்லை. "எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன் ராட்னி. இந்தப் புள்ள கையில குடுத்த மாதிரிகூட இருக்கு. லெம்பி போனதுலேர்ந்து எனக்கு எது நெசம்னே தெரியல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ரொட்டியை வாங்கி உள்ளே வைத்தேன். அப்பா அவரிடம், "விடுங்க வைனோ. சாவியத் திருப்பாதவன் நான். எம் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தத நான் செய்யல" என்றார். அழுதுகொண்டே சொன்னார். நீங்களும் அழுதீர்கள்.

நாளைக்கு அங்கே வைனோ, ஒயரை எடுக்க நான்தான் மறந்துவிட்டேன் என்று வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவருக்கு இப்போது அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. அதனால் அவர் போடுவதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள். அவர் எடுத்துத்தான் கொடுத்தார், கடாசச் சொல்லித்தான் கொடுத்தார். நான் வைத்திருந்து, நாள் பார்த்து, திரும்ப மாட்டினேன். வயிற்று வலி இல்லை. அப்பாவை அனுப்பிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். அந்த அதிகாரியிடம் சொல்லுங்கள், அம்மாவிடமும் சொல்லுங்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லுங்கள். என்னை எங்கே கூட்டிப் போனாலும் போகிறேன்.

அப்பாவிடம் மட்டும் வேண்டாம் அத்தை. கப்பல் வேலை போய்விட்டது, பெட்டிகளை அம்மாவே இறக்கி வைத்துவிட்டாள். காலையில் அவர் சட்டைக்கு நான்தான் பொத்தான் போட்டுவிடுகிறேன். அவர் ஜன்னல் பக்க நாற்காலியிலேயே கிடக்கிறார், ஆனால் வீட்டில் இருக்கிறார். இது தெரிந்தால் போய்விடுவார்.