வாலப் பாருங்க சார்

கைநாட்டெல்லாம் அப்பால சார். என் வூட்டுக்காரரு நீலமேகம் வேலய வுட்டுட்டு ஓடிட்டாருன்னு உங்க காண்ட்ராக்டு ஆபீசுல நீங்களே எழுதிக்கினு வந்துட்டு, எங்கிட்ட கைநாட்டு கேட்டா இன்னா நாயம்? அந்தாளு கரண்டு கம்பெனி சாம்பல் பைப்புல அடைப்பு எடுக்கப் போனவரு. சட்ட கூட மாத்தாம எங்க ஓடுவாரு?

ஆமா, பருந்துதான் சொல்லிச்சி. சிரிச்சிக்கோங்க. பதினெட்டு வருசமா இந்த நெட்டுக்குப்பத்துல கருவாடு காய வச்சிக்கினு கீறேன். பருந்து வெரட்டியே தோள்பட்ட போச்சி. எது எதுன்னு எனக்குத் தெரியாதா?

நேத்து புது தகர செட்டுக்குப் பூஜ போட்டீங்கல்ல, நான் அவர விசாரிச்சிக்கினு கம்பெனி கேட்டாண்டதான் நின்னுனு இருந்தேன். ஐயரு தண்ணி தெளிக்கசொல்ல மேல நாலு பறவ சுத்திச்சி. கருடன் வந்துட்டாருன்னு உங்க மொதலாளி கன்னத்துல போட்டுக்கினாரு. நீங்களுந்தான். நானும் கும்புட கையத் தூக்கினேன், பொய் சொல்ல மாட்டேன். வாலப் பாத்தேன், எறக்கிட்டேன்.

கருடனுக்குத் தல வெள்ள, ஒடம்பு செங்கல் நெறம். ஆனா வெயிலுக்கு எதிர்க்க எல்லாம் கருப்பாதான் தெரியும். கருடன் குஞ்சும் பருந்து மாரியே அழுக்கு நெறம். அதான் வாலப் பாக்கணும். கருடனுக்கு வட்டமா முடியும், பருந்துக்கு நடுவுல வெட்டி வுட்ட மாரி இருக்கும். கருடன் இன்னா சைவமா, அதும் செத்தத துன்னும். ஆனா கும்பலா ஒரே எடத்துல எறங்கி எறங்கி ஏறுறது இந்த வெட்டு வாலுதான்.

அதுங்க செட்டுக்கு மேலயா சுத்திச்சி? பின்னால, அந்த பைப்பு போய்க் கொட்டுற சாம்பல் குட்டைக்கு மேல. அவரு போய் நாலாம் நாளு சார் நேத்து. உள்ள போய்ப் பாக்கச் சொல்லி உங்க கால்லயே வுயுந்தேன். நாயி செத்திருக்கும்னீங்க.

போலீசுக்கும் போனேன். பருந்து சொல்லிச்சின்னு எப்டிம்மா எழுதறதுன்னாங்க.

எதுக்கு இப்ப செல்ல எடுக்கிறீங்க? பேசுங்க, யாருகிட்ட வேணா பேசுங்க. இதுவரைக்கும் ரெண்டு பொட்டி ஐசு கரைஞ்சிடுச்சி, மூணாவதுக்கு பக்கத்து வூட்டு பஷீர் பாய் போயிருக்காரு. குட்ட வேலிக் கம்பிக்கு அடில பூந்து நானும் எங்கண்ணனும்தான் காலைல அவரத் தூக்கினு வந்தோம். உள்ளதான் படுத்துனு கீறாரு. செருப்ப கயட்டிட்டு வாங்க. ஓடிப்போனவர ஒருதபா பாத்துட்டு அப்பறம் எழுதிக்கலாம்.